நாற்பத்தெட்டு வோல்ட் எங்கே போயிற்று?

சென்ட்ரல் ரயில் நிலையத்திலோ எழும்பூரிலோ, நடக்க மாட்டாத முதியவர்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு நடைமேடை நெடுகிலும் ஓசையின்றி ஊர்ந்து செல்லும் கூரை வண்டியைப் பார்த்திருப்பீர்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனவர்கள் அதுபோன்ற வண்டியில் ஏறிச் சுற்றியும் வந்திருப்பீர்கள். நம் ஊரில் அதற்குப் ‘பாட்டரி கார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது வளர்ந்த இடம் கோல்ஃப் திடல். பதினெட்டுக் குழிகளையும் நடந்தே சுற்ற இயலாத ஆட்டக்காரர்களுக்காக 1950களில் அமெரிக்காவில் இவ்வண்டிகள் பெருகின. இன்றளவும் பெயர் பெற்று விளங்கும் ஈ-இசட்-கோ நிறுவனம் 1954இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் தொடங்கப்பட்டதுதான். சென்னையில் நந்தனத்துக் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் திடல் போன்ற இடங்களுக்கு உரியதாயிருந்த இந்த வண்டி இப்போது மருத்துவமனை, கல்லூரி, குடியிருப்பு வளாகம் என்று எங்கும் பரவிவிட்டது. வண்டி பரவிய வேகத்தில் அதைப் பழுது பார்க்கும் அறிவு பரவவில்லை என்பதே என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாற்றுக்குத் தெற்கே ஒரு பெரிய வளாகம். அங்கே குடியிருக்கும் முதியவர்களை வாயிலிலிருந்து மேட்டில் இருக்கும் மருந்தகம் வரை கொண்டுபோய் விட ஒரு பாட்டரி கார் உண்டு. ஒரு வாரமாக அது சமதரையில் சற்று மந்தமாக ஓடியது. சரிவில் ஏறும்போதோ பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளக்கூடிய வயதில் பயணிகள் யாரும் இல்லை! பட்டறையிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, “ஆறு பாட்டரியும் போச்சு சார், மொத்தமா மாத்தணும்” என்று சொல்லிவிட்டார். ஆறையும் மாற்றுவதென்றால் பல பத்தாயிரம் ரூபாய்ச் செலவு. அங்கே குடியிருக்கும் நண்பர், பணத்தைக் கொடுக்குமுன் ஒரு முறை பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார்.

வண்டியின் இருக்கையைத் தூக்கினால் கீழே ஆறு பாட்டரிகள். ஒவ்வொன்றும் 8 வோல்ட். ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு தொடராக இணைத்திருப்பதால் மொத்தம் 48 வோல்ட். இவை ஈய-அமில பாட்டரிகள். 1859இல் பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளான்டே கண்டுபிடித்த அதே வேதியியல்தான். ஒரு மின்கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆகவே ஒரு பாட்டரிக்குள் நான்கு கலங்கள், வண்டி முழுவதிலும் 24 கலங்கள். முழுதும் மின்னேற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் கலத்துக்கு 2.1 வோல்ட்டுக்குச் சற்று மேலே, அதாவது பாட்டரிக்குச் சுமார் 8.5, மொத்தத்தில் 51 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

மானியை வைத்தேன். பாட்டரி ஒவ்வொன்றும் 8.4 வோல்ட். மொத்தம் 50.4. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னது பொய்யா? அவசரப்படக் கூடாது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது எடுத்த அளவு இது.

உண்மையில், ஓய்வில் இருக்கும் மின்சுற்றில் காணும் வோல்ட் கணக்கைப்போல ஏமாற்றுவது வேறொன்றுமில்லை. தியாகராய நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர் பல ஆண்டுகள் ஓடி, குழாயின் உட்புறம் சுண்ணாம்பு போலப் படிந்து, விரற்கடை அளவு இருந்த வழி ஊசித் துளையாகச் சுருங்கிவிட்டது. குழாய்த் திருகை மூடி வைத்துவிட்டு அழுத்தமானியைப் பொருத்திப் பாருங்கள். முழு அழுத்தமும் காட்டும். தண்ணீர் ஓடாதபோது அடைப்பினால் எந்த இழப்பும் இல்லை அல்லவா? திருகைத் திறந்தால் நூல்போலச் சொட்டும். அழுத்தமானியின் முள்ளும் அப்போதுதான் விழும்.

மின்சுற்றிலும் இதே கதைதான். ஓம் விதிப்படி, ஒரு மின்தடையில் இழக்கப்படும் வோல்ட், அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வாங்கக்கூடிய சாதாரண எண்காட்டி மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அது 48 வோல்ட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான். கம்பி முழுக்க அரித்துப்போய் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் இந்தத் துளி மின்னோட்டம் தாராளமாகப் போய்விடும். மானியும் ‘48’ என்று கூசாமல் காட்டும். அதே கம்பி வழியாக மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

ஆகவே அளவைச் சுமையோடு எடுக்க வேண்டும். நீண்ட கம்பிகளை மானியில் பொருத்திக்கொண்டு ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். ஆம்பியரை அளக்கக் கம்பியைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: எல்லாக் கிளாம்ப் மீட்டரும் நேர்மின்னோட்டத்தை அளக்காது. மலிவானவை மாறுமின்னோட்டத்துக்கு மட்டுமே உரியவை. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

வண்டி சரிவில் ஏறத் தொடங்கியது. மின்னோட்டம் 150 ஆம்பியர். ஆறு பாட்டரிகளின் வரிசைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மானி காட்டியது 35.4 வோல்ட்! பட்டறைக்காரர் பார்த்தது இதைத்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை; சுமையோடு அளக்கும் அளவுக்கு அவருக்கு விவரம் தெரிந்திருந்தது. வோல்ட் இவ்வளவு விழுந்தால் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னையும் பாட்டரியையும் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். வண்டி நின்றுபோனதன் காரணம் அது. பாட்டரி வரிசையில் வோல்ட் விழுகிறது, ஆகவே பாட்டரி கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். ஒரே ஒரு படி மிச்சமிருந்தது.

மறுபடியும் சரிவில் ஏறினோம். இம்முறை பாட்டரி ஒவ்வொன்றையும் தனித்தனியே, ஏறும்போதே அளந்தோம். ஆறு முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் 7.4 வோல்ட், ஒரு பங்கு முன்பின்னாக. எதுவும் தனியாகச் சரியவில்லை. இப்போது கூட்டிப் பாருங்கள். ஆறு 7.4 என்றால் 44.4. ஆனால் மொத்த அளவோ 35.4. இடையில் 9 வோல்ட்டைக் காணோம்!

ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845இல் வகுத்த விதி இங்கே கைகொடுக்கிறது. ஒரு மூடிய மின்சுற்றில் வோல்ட் எங்கும் மாயமாய் மறைவதில்லை. கிடைத்த வோல்ட்டும் செலவான வோல்ட்டும் சரிசமமாக இருந்தே தீர வேண்டும். வீட்டுக் கணக்கில் ஒன்பது ரூபாய் குறைந்தால் யாரோ எங்கோ செலவழித்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? பாட்டரிக்குள் செலவாகவில்லை. ஆகவே பாட்டரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து கம்பிகளில் ஏதோ ஒன்றில் செலவாகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டரியை அளக்கும்போது மானியின் முனையை மறை திருகின்மேல் வைத்தேனா, ஈய முனையின்மேலேயே வைத்தேனா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கம்பியின் காதும் ஈய முனையும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் குற்றம் இருக்கும். திருகின்மேல் வைத்தால் அந்தக் குற்றத்தையும் பாட்டரியின் கணக்கில் சேர்த்துவிடுவோம். நல்ல பாட்டரி கெட்டதாகத் தெரியும். ஈய முனையை லேசாகச் சுரண்டி, அந்த ஈயத்திலேயே முனையை ஊன்ற வேண்டும்.

நான்காம் பாட்டரிக்கும் ஐந்தாம் பாட்டரிக்கும் இடையிலான கம்பியின் இரு முனைகளிலும் மானியை வைத்து ஏறினோம். ஓய்வில் 0. சமதரையில் 50 ஆம்பியரில் 3 வோல்ட். சரிவில் 150 ஆம்பியரில் 9 வோல்ட். ஒன்பதை நூற்றைம்பதால் வகுத்தால் 0.06 ஓம். ஓம் கணக்கில் அற்பமான தொகைதான். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் காட்டும். ஆனால் 9 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 1350 வாட்! ஓர் இஸ்திரிப் பெட்டியை மிஞ்சும் வெப்பம், கட்டைவிரல் அளவுள்ள ஓர் இணைப்பில். கையைக் கிட்டக் கொண்டுபோனபோதே சூடு தெரிந்தது. உறையின் ரப்பர் இளகி, மெல்லிய தீய்ந்த வாடையும் வந்தது. இருக்கைக்கு அடியில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும் இடத்தில் இப்படி ஒரு சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு முதியவர்களை ஏற்றிச் சென்றிருக்கிறார்கள் என்று எண்ணியபோது எனக்கு வியர்த்தது. அந்தச் சூட்டோடு ஆறு புதிய பாட்டரிகளை வாங்கிப் பொருத்தி, பழைய கம்பியையே மாட்டியிருந்தால்?

உறையை வெட்டிப் பார்த்தோம். செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பேறி, பொடியாய் உதிர்ந்தன. மயிலாப்பூர் மாட வீதிப் பாத்திரக் கடையில் பளபளவென்று வாங்கிவந்த செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டரியின் அமில ஆவி இதை இன்னும் விரைவாகச் செய்யும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதோடு கூட்டுச் சேரும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் வெளியில் நிற்கும் எந்த உலோகத்தையும் பாருங்கள். உட்புறமுள்ள ஊர்களைவிட நம் கரையோரப் பகுதியில் இணைப்புகளை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மானியைத் தொடுமுன்

இவற்றைச் செய்து பார்க்க விரும்புவோர் முதலில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 48 வோல்ட் உலர்ந்த தோலில் பெரிய அதிர்ச்சி தராது என்பது உண்மை. ஆனால் ஒரு மோதிரமோ ஸ்பானரோ இரு முனைகளுக்கு நடுவே குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், விரல் போய்விடும். ஸ்பானரின் கைப்பிடியை மின்காப்பு நாடாவால் சுற்றிக்கொள்ளுங்கள். மின்னேற்றி முடித்த உடனே வேலையைத் தொடங்காதீர்கள். அப்போது கலங்களிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். இருக்கையைத் திறந்து வைத்துக் காற்றோட விடுங்கள். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கிண்ணம் சமையல் சோடா. அமிலம் தெறித்தால் தோலையும் கண்ணையும் நிறையத் தண்ணீரால்தான் கழுவ வேண்டும்; சோடா தரைக்கும் பெட்டிக்கும்.

பாட்டரியே குற்றவாளி எனில்

நாங்கள் பார்த்த வண்டியில் பாட்டரிகள் தப்பின. எப்போதும் தப்பும் என்று சொல்வதற்கில்லை. சுமையோடு அளக்கும்போது ஐந்து பாட்டரிகள் 7.4 காட்டி, ஒன்று மட்டும் 5.5க்குச் சரிந்தால், அதற்குள் ஒரு கலம் சோர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தொடர் இணைப்பில் எல்லாக் கலங்களுக்கும் ஒரே மின்னோட்டம்தான். வலுவற்ற கலம் முதலில் காலியாகும். அப்போதும் மற்ற 23 கலங்கள் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விளைவு, அந்தக் கலத்தின் நேர்முனை எதிர்முனையாக மாறத் தொடங்கும். வண்டியை இழுப்பதற்குப் பதிலாக அது வண்டிக்குச் சுமையாகிவிடும். கூட்டுக் குடும்பத்தில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை!

எந்தக் கலம் என்பதை ஹைட்ரோமீட்டர் சொல்லும். அமிலத்தின் ஒப்படர்த்தி, நிறைந்த கலத்தில் 1.28ஐ ஒட்டியும் காலியான கலத்தில் 1.15ஐ ஒட்டியும் இருக்கும். ஒவ்வொரு கலத்தின் அளவையும் விட, கலங்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். மற்றவை 1.26 காட்ட, ஒன்று 1.20 காட்டினால் அதுதான் நோயாளி. 0.05க்கு மேல் வேறுபாடு இருந்தால் சந்தேகப்படலாம். சூட்டில் அமிலம் விரிவதால், 27 பாகைக்கு மேல் செல்லும் ஒவ்வொரு பாகைக்கும் 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். சித்திரை மாதத்து நண்பகலில் சென்னையில் அளப்பவருக்கு இந்தத் திருத்தம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தண்ணீர் ஊற்றிய உடனே அளப்பதும் வீண். புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும், மின்னேற்றினால்தான் கலக்கும்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பாட்டரிக்கு வேண்டியது காய்ச்சி வடித்த நீர், அல்லது உப்பயனிகள் முற்றும் நீக்கிய நீர். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகாது என்று பலருக்கும் தெரியும். ஆனால் “கேன் தண்ணீர் சுத்தமானதுதானே?” என்று அதை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குடிப்பதற்குச் சுத்தம், பாட்டரிக்கு அல்ல. அதிலும் கரைந்த உப்புகள் உண்டு, சில வேளை சுவைக்காகச் சேர்ப்பதும் உண்டு. குளோரைடு நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். இரும்பு கலந்தால் பாட்டரி சும்மா இருக்கும்போதே தானாக மின்னிறங்கும். கடலோரத்து நிலத்தடி நீரில் குளோரைடு எவ்வளவு என்பதை மயிலாப்பூர்வாசிகள் நாக்காலேயே சொல்லிவிடுவார்கள். தண்ணீரை மின்னேற்றி முடித்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னரே நிரப்பினால் மின்னேறும்போது விரிந்து வழிந்து, பெட்டியையும் கம்பியையும் அரிக்கும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்குமளவு முன்னதாக ஊற்றலாம்.

ஈய-அமில பாட்டரிக்குச் சூடும் பகை. சூழ்வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. குளிர்நாட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆயுளை நம்பி, மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தாதீர்கள். அதைவிடப் பெரிய பாவம், காலியான பாட்டரியை அப்படியே நாட்கணக்கில் விட்டுவைப்பது. தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகி, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் கரையாது.

‘டக்’ என்ற ஓசை

இதுவரை மந்தமாக ஓடும் வண்டியைப் பார்த்தோம். அசையவே மறுக்கும் வண்டிக்கு வேறு வழி. பெடலை மிதித்துக் காதைக் கொடுங்கள். ‘டக்’ என்று ஓர் ஓசை வருகிறதா?

பாடப் புத்தகம் வரிச்சுருள் என்று சொல்வதைப் பட்டறையில் சோலினாய்டு என்பார்கள். சிறு மின்னோட்டத்தால் காந்தமாகி, பெரு மின்னோட்டத்துக்கான செம்புத் தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கும் கதவுக்காவலன் அது. அந்தச் சேர்க்கைதான் ‘டக்’. வண்டியில் இரண்டு மின்சுற்றுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று கட்டைவிரல் பருமன் கம்பிகள் ஓடும் பெருஞ்சுற்று. மற்றது வால்தனம் போன்ற சிறு கம்பிகள் ஓடும் ஆணைச் சுற்று. ‘டக்’ வரவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் ஆணைச் சுற்றில். வந்தும் வண்டி அசையவில்லை என்றால் பெருஞ்சுற்றில். ஒரு மானியும் இன்றிக் காதாலேயே பாதி வண்டியை விலக்கிவிட்டோம்!

ஆணைச் சுற்றில் பியூஸ், சாவி, பெடலுக்குக் கீழுள்ள மைக்ரோ சுவிட்ச், முன்-பின் சுவிட்ச், மின்னேற்றி செருகியிருக்கும்போது வண்டி ஓடாமல் தடுக்கும் பூட்டு, கடைசியில் சோலினாய்டின் சுருள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வண்டிக்கு வண்டி வரிசை மாறும். புதிய வண்டிகளில் சுவிட்சுகள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி சொல்ல, அதுவே சோலினாய்டை இயக்கும். எப்படியாயினும் முதல் இணைப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வராதீர்கள். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி முட்டுக் கொடுத்து, ஒருவர் பெடலை மிதிக்க, நடுவில் ஒரு புள்ளியை அளவுங்கள். 48 வோல்ட் இருந்தால் குற்றம் அதற்கு அப்பால், இல்லையேல் இப்பால். மிஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எட்டு இடங்களில் எதுவாயினும் மூன்றே அளவில் அகப்பட்டுவிடும். அகராதியில் சொல் தேடுகிறவர் முதல் பக்கத்திலிருந்தா புரட்டுகிறார்?

ஸ்கூட்டரிலும் காரிலும் வேலை பழகியவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுவார்கள். அவற்றில் பாட்டரியின் எதிர்முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். மானியின் கறுப்புக் கம்பியை எந்த இரும்பில் வைத்தாலும் கணக்கு வரும். கோல்ஃப் காரில் 48 வோல்ட் சுற்று உடம்போடு சேராமல் தனித்து நிற்கிறது. கறுப்புக் கம்பியைச் சட்டத்தில் வைத்து அளந்தால் பொருளற்ற எண்களே வரும். நல்ல சாவி கெட்டதாகவும், கெட்டது நல்லதாகவும் தோன்றும். கறுப்புக் கம்பி எப்போதும் பாட்டரி வரிசையின் கடைசி எதிர்முனையில் இருக்க வேண்டும். பாட்டரிக்கும் சட்டத்துக்கும் இடையே திடமான வோல்ட் காட்டினால், பாட்டரிகளின் மேற்புறத்தில் அமில ஈரமும் அழுக்கும் சேர்ந்து கசிவுப் பாதை போட்டிருக்கக்கூடும். மூடிகளை இறுக்கி, சோடாக் கரைசலால் துடைத்து, நீரால் கழுவி உலர்த்திவிட்டு மறுபடி அளவுங்கள்.

‘டக்’ வந்தும் அசையாத வண்டியில் சோலினாய்டின் இரு பெரிய முனைகளுக்கு நடுவே, பெடல் மிதித்த நிலையில் அளவுங்கள். தொடுமுனைகள் நன்கு சேர்ந்திருந்தால் ஏறக்குறைய சுழி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நின்றால் தொடுமுனை கரிந்துவிட்டது. முழு 48ம் அங்கேயே நின்றால் ஓசை மட்டும்தான் வருகிறது, இணைப்பு இல்லை. ஓசையை நம்பி சோலினாய்டை விடுவித்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மோட்டாரைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். பழைய வகை வண்டிகளில் இருப்பது தொடர்ச் சுற்று மோட்டார். 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோன சென்னை மின்சார டிராமைப் பற்றித் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உலகெங்கும் டிராம்களை இழுத்தது இவ்வகை மோட்டார்தான். நின்ற நிலையிலிருந்து பெரும் பளுவை இழுக்க அதற்கு நிகரில்லை. ஆனால் பளுவின்றி முழு வோல்ட் கொடுத்தால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். கழற்றிய மோட்டாரை நேரே 48 வோல்ட்டில் கொடுத்துச் சோதிப்பது ஆபத்து. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா, அதன் சுருள்வில் தளர்ந்ததா, செம்பு வளையம் கருத்துவிட்டதா என்று பார்ப்பதே முதல் வேலை. இன்றைய பல வண்டிகளில் பிரஷ்ஷே இல்லாத மாறுமின்னோட்ட மோட்டார் வந்துவிட்டது. அங்கே வேகத்தைச் சொல்லும் உணர்வியும் அதன் சிறு இணைப்பும்தான் அடிக்கடி தொல்லை தருபவை.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. நீரில் மூழ்கிய பாட்டரி காரை, வெளியே உலர்ந்துவிட்டது என்று எண்ணிச் சாவி போடவோ மின்னேற்றியில் செருகவோ கூடாது. மைக்ரோ சுவிட்சுக்குள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்புகளிலும் சேறு தங்கியிருக்கும். முதலில் பாட்டரி வரிசையைத் துண்டித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மின்னேற்றியைச் செருகியும் அது பேசாமல் இருக்கிறதா? அது கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பல தானியங்கி மின்னேற்றிகள் பாட்டரியில் ஓரளவு வோல்ட் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். அறவே காலியான வண்டியை அவை பாட்டரியே இல்லாததாகக் கருதிவிடும். வெளிநாட்டில் பயன்படுத்திய வண்டியை மின்னேற்றியோடு வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. ஒத்ததிர்வு மின்மாற்றி கொண்ட பழைய வகை மின்னேற்றி, வோல்ட்டை மாற்றிக் கொடுத்தாலும் நம் ஊரில் ஒழுங்காக வேலை செய்யாது.

லித்தியம் பாட்டரி போட்ட வண்டிகளும் இப்போது ஓடுகின்றன. பெரும்பாலும் 3.2 வோல்ட் கலங்கள் பதினாறு, ஆக 51.2 வோல்ட். ஏறத்தாழக் காலியாகும் வரை இவற்றின் வோல்ட் அதிகம் இறங்காது. ஆகவே ஈய பாட்டரிக்கென்று செய்த அளவுகாட்டியை நம்பினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். உள்ளிருக்கும் காவல் மின்சுற்று ஏதேனும் ஒரு கலம் எல்லை மீறினாலும் முழுவதையும் துண்டித்துவிடும். முன்னறிவிப்பின்றித் திடீரென்று இறந்துபோய், சற்று நேரத்தில் உயிர்த்தெழும் லித்தியம் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் களிம்பேறிய இணைப்பு ஈயம், லித்தியம் என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

அந்த வளாகத்து வண்டிக்கு வருவோம். ஒரே ஒரு கம்பியை மாற்றாமல் ஐந்தையும், அவற்றோடு மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பிகளையும் மாற்றினோம். காதுகளைக் குறடால் நசுக்கி விட்டுவிடாமல், அதற்குரிய அழுத்தியால் இறுக்கி, வாய்ப்புறத்தை ஈரம் புகாத உறையால் மூடினோம். முனைகளைப் பளபளக்கத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் பூசினோம். மாலையில் அதே சரிவில், அதே 150 ஆம்பியரில், அதே இரு புள்ளிகளுக்கு நடுவே மானி காட்டியது 0.04 வோல்ட். பாட்டரிகளை அடுத்த வாரம் ஹைட்ரோமீட்டரால் பார்த்தபோது, இரண்டாம் பாட்டரியில் ஒரு கலம் மற்றவற்றைவிட 0.03 தாழ்ந்திருந்தது. மாற்ற வேண்டிய அளவு இல்லை. பழைய ஐந்தின் நடுவே புதிதாய் ஒன்றைச் செருகினால் ஒத்துப்போகாது என்பதால் அதை அப்படியே விட்டு, மாதந்தோறும் அளந்து நோட்டில் எழுதிவரும்படி ஓட்டுநரிடம் சொன்னேன். இருபத்துநான்கு கலங்களுக்கும் கட்டம் போட்டு ஒரு கோடிட்ட நோட்டு அன்றைக்கே வாங்கிவிட்டார்.